விராலிடம் சொல்லி அனுப்பிய அழைப்பு

என் மூத்த மகனின் ஞானஸ்நானத்துக்கு அவனுடைய தாய்மாமனை அழைத்தது ஒரு விரால் மீன். இதைச் சொன்னால் என் மருமகள்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வயசான காலத்தில் கதை கட்டுகிறேனாம். நான் எதையும் கட்டவில்லை. அறுபதுகளின் நடுவில், கோடை விடுமுறையில், கம்பைநல்லூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் இந்தக் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். அந்த விராலை நான் தின்றும் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முன்பைவிட அதிகமாகவே பேசுவார்கள். நேராகப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் பேசுவார்கள், நாயைப் பார்த்துப் பேசுவார்கள். கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டிருக்கிற எருமையிடம் போய், "சோறு ஆறிப்போவுது, திங்கறவங்க வந்து திங்கலாம்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். எருமை திரும்பிக்கூடப் பார்க்காது. சோறு தின்ன வேண்டியவர் எழுந்து வருவார். இப்படியே பல வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் எல்லாம் எங்கள் ஊரில் உண்டு.

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் அந்த மாதிரி மூன்று மாதமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். காரணம் ஒரு தபால் கார்டு.

எனக்குத் தலைச்சன் பிரசவம் பிறந்த வீட்டில். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்றால் அண்ணனும் அண்ணியும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பையன் பிறந்ததும், முறைப்படி அண்ணன் என் புகுந்த ஊரான பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறிப் போய், கல்கண்டு கொடுத்து, என் வீட்டுக்காரரிடம் வாயால் சேதி சொல்லியிருக்க வேண்டும். முதல் பிள்ளை பிறந்த சேதியை நேரில் சொல்வதுதான் மரியாதை. அண்ணன் கார்டு போட்டுவிட்டார். மேலே சே.ம.சூ. என்று சேசு மரி சூசையை வணங்கிவிட்டு, கீழே மூன்றே வரி: ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சுகம், மற்றவை நேரில்.

என் வீட்டுக்காரர் வாத்தியார். அவருடைய கோபத்தில் எழுத்துப் பிழைகூட இருக்காது. கார்டு கிடைத்து பஸ் பிடித்து அவர் எங்கள் ஊர் வந்து இறங்கிய நேரம், அண்ணன் தோளில் தூண்டிலும் கையில் விராலுமாக ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இவர் வாசலில் நின்றபடியே, "மீன் புடிக்க நேரமிருக்குது, புள்ள பொறந்ததச் சொல்ல நேரமில்ல" என்றார். அண்ணன் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

சரி, இது பெரிய மனிதர்கள் தகராறு, தானாகத் தீரும் என்று நான் இருந்தேன். தீரவில்லை. எங்கள் வழக்கப்படி தலைச்சன் பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையின் தலையைப் பிடிக்க வேண்டியவர் அவர். தகப்பன் வந்து வாயால் அழைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? அவரும் ஒரு கார்டு போட்டார். பெண்டாட்டியும் பிள்ளையும் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அதே வீட்டுக்கு, இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் அனைவரும் நலமா என்று ஆரம்பித்து, ஞானத்தகப்பனாக இருந்து நடத்தித் தரவும், மற்றவை நேரில் என்று முடித்து, தபால்காரரிடம் கொடுத்து அனுப்பினார். அண்ணியை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அண்ணன் கார்டை வாங்கிக் கூரை எரவாணத்தில் செருகினார்.

"கார்டு வந்துடுச்சில்ல, கார்டே போயிப் புள்ள தலையப் புடிக்கட்டும்" என்று சுவரிடம் சொன்னார்.

நடுவில் பங்குச் சாமியார் ஒரு பக்கம். பிள்ளைக்கு மூன்று மாதமாகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று அவர் கொதித்துப்போயிருந்தார். "வர்ற ஞாயித்துக்கிழம பூசைக்கு அப்புறம் புள்ளைய எடுத்துட்டு வரணும். மாமன் வந்தா மாமன். இல்லன்னா உபதேசியாரு தலையப் புடிப்பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். உபதேசியார் தங்கமான மனிதர், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் அவர் என் அண்ணன் இல்லை. அண்ணன் இருக்கும்போது வேறு ஒருவர் என் பிள்ளையின் தலையைப் பிடித்தால், ஊர் அதை மறக்காது, அண்ணனும் மறக்கமாட்டார். அதற்கப்புறம் எந்த முகத்தோடு நான் பிறந்த வீட்டுக்கு வருவேன்? எனக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். இதை நினைத்து நினைத்து நான் அழாத நாள் இல்லை. ஆண்கள் இரண்டு பேரும் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்களுக்குச் சுத்தபோசனம். ஆடு கோழி ஆகாது, மீன் ஆகும். காலையில் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாப்பிள்ள வந்திருக்கறாரு, வெறும் பருப்பையா ஊத்தறது?" என்றாள். அண்ணன் தூண்டிலை எடுத்தார். மாப்பிள்ளையோடு பேச்சுத்தான் இல்லையே தவிர, மாப்பிள்ளைக்கு வெறும் பருப்பு ஊற்றினால் வீட்டுக்குத்தான் கேவலம்.

எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. விரால் பிடிக்கிற இடத்தில் பேசக் கூடாது. சத்தம் கேட்டால் விரால் அந்தப் பக்கமே வராது என்பது அண்ணனின் வேதம். பேசாத இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க அதைவிடத் தோதான இடம் எது? ஒரு பகல் முழுக்க ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் இளகாதா? நான் என் வீட்டுக்காரரிடம், "நீங்களும் ஒரு தூண்டில் எடுத்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"எங்கூரு வாணியாத்துல நான் புடிக்காத மீனா?" என்றார். வருவதாக அர்த்தம்.

நானும் போனேன். ஏரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கோடையில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றி, நடுவில் ஆம்பலும் ஓரத்தில் கோரையுமாகக் கிடந்தது. கரையில் ஒரு வேலமரம். அதன் கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டேன். எனக்கு இடப்பக்கம் அண்ணன் உட்கார்ந்தார். வலப்பக்கம், பத்தடி தள்ளி, வாத்தியார் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. மீனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டப் போகிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

அண்ணனிடம் ஒரு கலயம் நிறையச் சின்னத் தவளைகள் இருந்தன. விராலுக்குத் தவளைதான் இரை. முள்ளில் குத்திக் கோரையோரமாகத் தண்ணீர்மேல் தத்தவிட வேண்டும். என் வீட்டுக்காரர் மண்புழுவைக் கோர்த்து, நெட்டித் தக்கையை மிதக்க விட்டு, ஆற்றில் செய்கிற மாதிரியே செய்தார். அண்ணன் அதைக் கடைக்கண்ணால் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. பேசக் கூடாது என்கிற வேதம் அரை மணி நேரத்தில் காற்றில் போனது.

"தவள வேணுமான்னு கேளு" என்றார் என்னிடம். "மண்புழுவுக்கு வர்றதுக்கு விராலு என்ன கோழியா? இது ஆறு இல்ல, ஏரின்னு சொல்லு."

நான் வலப்பக்கம் திரும்பினேன். "அண்ணன் தவள தரட்டுங்களான்னு கேக்கறாருங்க."

"யாரு தவளையும் எனக்கு வேண்டாம்னு சொல்லு. தவளைய வெச்சுப் பாம்பு புடிக்கறவங்க புடிக்கட்டும்."

நான் இடப்பக்கம் திரும்பினேன். "இப்போதைக்கு வேண்டாமாம்ணா. அப்பறமா வாங்கிக்கறாராம்."

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது பத்தடி. காற்றுக்கூட இல்லை. ஒருவர் சொன்னது அடுத்தவர் காதில் அட்சரம் பிசகாமல் விழுந்தது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். வசவு ஒரு காதில் விழும், நான் துடைத்துக் கொடுத்தது மறு காதில் விழும். பதில் மட்டும் எப்போதும் வசவுக்குத்தான் வரும்.

காலை முழுக்க இதே வேலை. என் வீட்டுக்காரருக்கு ஒரு கெண்டைப் பொடி மாட்டியது, என் சுண்டுவிரல் நீளம். "அதுக்கு ஞானஸ்நானம் குடுத்துத் திருப்பி வுட்டுடச் சொல்லு" என்றார் அண்ணன். நான், "நல்ல மீனுங்கறாருங்க" என்றேன். வாத்தியார் அதைத் தண்ணீரில் விட்டார். விட்ட வேகத்தைப் பார்த்தால் அந்தக் கெண்டைமேல்தான் கோபம் என்று நினைக்கத் தோன்றும். பிறகு அவர் கொட்டாவி விட்டார். அதற்கும் அண்ணன் ஒரு சேதி சொல்லி அனுப்பினார். அதை நான் கொண்டுபோகவில்லை.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணனின் தவளை கோரையோரம் இரண்டு தத்துத் தத்தியது. சளப் என்று ஒரு சத்தம். தவளையைக் காணோம். மூங்கில் வளைந்தது. அண்ணன் எழுந்து நின்று இழுத்தார். மீன் கோரைக்குள் நுழைந்து தூண்டில் நரம்பை நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அறுந்துவிடும். அண்ணன் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். பக்கத்தில் ஒரு ஆள் இறங்க வேண்டும். பத்தடியில் ஆள் இருக்கிறார். வாயைத் திறந்தால் இறங்குவார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட இல்லை. கோரைக்குள் கையை விட்டுத் துழாவினார், வழுக்கினார், இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அண்ணனும் இறங்கினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புரண்டார்கள். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும் அது. அந்தப் போராட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது விரால் மட்டும்தான். கடைசியில் இரண்டு பேரும் அதைக் கரையேற்றினார்கள். தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்திருந்த மண்பானையில் போட்டு, துண்டால் வாயை மூடினார்கள். விரால் சுலபத்தில் சாகாது, ஆனால் எகிறிக் குதித்துவிடும்.

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இதோ இப்போது ஒருவர் சிரிப்பார், ஒருவர் முதுகில் தட்டுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் முகத்துச் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு என்னிடம், "மீனப் புடிச்சது யாருன்னு உங்கண்ணங்கிட்டக் கேளு" என்றார்.

"மாட்டுனது யாரு தூண்டில்லன்னு உங்க வூட்டுக்காரர்கிட்டக் கேளு" என்றார் அண்ணன்.

எனக்கு வந்ததே கோபம். எனக்குக் கோபம் வந்தால் சின்னவர் பெரியவர் தெரியாது.

"நான் என்ன தபால் பொட்டியா? இந்தப் பக்கம் போடறது, அந்தப் பக்கம் எடுக்கறது! காலையில இருந்து நீங்க பேசுன பேச்சுக்கு நான் எத்தினி பொய் சொல்லியிருக்கறேன்னு தெரியுங்களா? நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட ஒவ்வொண்ணா நான்தானே சொல்லணும்? இனிமே எனக்கு வாயில்ல. ஞாயித்துக்கிழம உபதேசியாரே தலையப் புடிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இங்கயே குந்திக்கிட்டு விராலு புடிங்க!"

அண்ணனைப் பார்த்து நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிள்ளை அழுதது. தூக்கிக்கொண்டு வேலமரத்துக்கு அந்தப் பக்கம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கிளம்பிப் போய்விட்டார்களோ என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்க்க ரோஷம் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பானையிலிருந்து 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வந்தது. விராலுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும்.

"ஏ விராலு" என்றார் அண்ணன்.

நான் பிள்ளையைத் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"ஏ விராலு. வாத்தியாரு நல்லாத்தான் குதிச்சாரு. இல்லன்னா இந்நேரம் நீ கோரைக்குள்ள காலாட்டிக்கிட்டு இருப்ப."

மீனுக்கு ஏது கால் என்று நான் யோசிப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "விராலு, அது நெசந்தான். ஆனா தூண்டில் போட்ட கையும் லேசுப்பட்ட கையில்ல."

ப்ளக் என்றது பானை. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். என் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் வாத்தியார் லேசில் விடுகிற ஆளா?

"கை நல்ல கைதான் விராலு. அந்தக் கைக்குக் கார்டு எழுதத் தெரிஞ்சுது. காலுக்குத்தான் ஒரு எட்டு வந்து சொல்லத் தெரியல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அண்ணன் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"விராலு, உனக்குத் தெரியாது. அன்னிக்குக் காலையில குளிச்சி, வெள்ள வேட்டி கட்டி, கல்கண்டுப் பொட்டலத்தோட பஸ்ஸுக்குக் கெளம்பி வாசல்ல நின்னவன் நான். அப்பத்தான் எம் பொண்டாட்டி ஓடியாந்து, தங்கச்சிக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுன்னா. நர்சம்மா வந்து பாத்துட்டு, ஜன்னி கண்டிருக்குது, ரெண்டு நாளு தாண்டுனாத்தான் சொல்ல முடியும்னாங்க. அவளுக்குக் கண்ணு சொருகிடுச்சு. எங்கம்மாவும் இப்பிடித்தான் போனாங்க. நான் எப்பிடி அவள வுட்டுட்டு பஸ் ஏறுவேன்? அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கறா?"

பானையில் சத்தமில்லை. என் வீட்டுக்காரர் மெதுவாக, "தாயும் சேயும் சுகம்னுதானே விராலு எழுதியிருந்துது" என்றார்.

"ஜன்னின்னு எழுதியிருந்தா, படிச்ச மனுசன் என்னத்துக்கு ஆவாரு? அதான் மத்ததெல்லாம் நேர்லன்னு எழுதச் சொன்னேன். அப்பறம் அவ கண்ணு முழிச்சா. விராலு கொழம்பு வெச்சுக் குடுங்க, ஒடம்பு தேறும்னு நர்சம்மா சொன்னாங்க. அஞ்சு நாளும் ஏரியிலயே கெடந்தேன். உங்க சனந்தான் அவள எழுப்பி உக்கார வெச்சுது. வாத்தியாரு வந்து எறங்குன அன்னிக்கு நேர்ல சொல்லலாம்னுதான் வந்தேன். சொல்ல வுட்டாத்தானே."

எனக்கு இது எதுவும் தெரியாது. காய்ச்சல் வந்தது தெரியும். யாரோ ராத்திரியும் பகலும் நிலைப்படியில் குந்தியிருந்த மாதிரி ஒரு நினைப்பு இருந்தது. கனவு என்று விட்டுவிட்டேன். அஞ்சு நாளும் விரால் குழம்பு வந்தபோது, அண்ணனுக்கு என்ன ஏரிப் பைத்தியம் என்று அண்ணியிடம் சிரித்தவள் நான். அண்ணி சிரிக்கவில்லை. சொல்லக் கூடாது என்று அவளுக்கும் உத்தரவு. வேலமரத்தடியில் உட்கார்ந்து நான் சத்தமில்லாமல் அழுதேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பால் குடித்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வகுப்பில் புதுப்பாடம் ஆரம்பிக்கிற செருமல்.

"விராலு. வர்ற ஞாயித்துக்கிழம பூசைக்கு அப்பறம் எம் புள்ளைக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் வந்து தலையப் புடிக்கணும்னு சொல்லிடு."

"வரச் சொன்னா வர்றோம்னு சொல்லு விராலு" என்றார் அண்ணன்.

ப்ளக்.

நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் பானைக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள். சேறு காய்ந்து உடம்பெல்லாம் வெளுத்திருந்தது. அண்ணன் தவளைக் கலயத்தைக் காலால் நகர்த்தி நடுவில் வைத்தார். வாத்தியார் அதில் கையை விட்டு ஒரு தவளையை எடுத்தார். அதை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவர் சட்டைப் பைக்குள் குதித்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணி பானையை வாங்கிப் பார்த்துவிட்டு அருவாமனையை எடுத்தாள். வழுக்காமல் பிடிக்கச் சாம்பலும் எடுத்தாள். "இதையா?" என்றார் அண்ணன். "இதையா?" என்றார் என் வீட்டுக்காரரும் அதே மூச்சில். இரண்டு பேருக்கும் அதை அறுக்க மனசு வரவில்லை. அண்ணிக்கு விஷயம் தெரியாது. "பின்ன என்ன, வளக்கப் போறீங்களா? புளி கரைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். குழம்பு வந்த பிறகு இரண்டு பேருக்கும் துக்கம் ஆறிவிட்டது. அண்ணன் இரண்டு துண்டு, வாத்தியார் மூன்று துண்டு. இன்னொரு கரண்டி குழம்பை மட்டும் வாத்தியார் என் வழியாகத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. நான் பட்டுச்சேலை கட்டிப் பிள்ளையோடு தொட்டியருகே நின்றேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். உபதேசியார் கையில் துண்டோடு தயாராக இருந்தார். சாமியார் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணனைக் காணோம். பூசையில் இருந்தவர்தான். நான் பிள்ளையோடு வெளியே ஓடினேன். கோயில் வாசல் வேப்பமரத்தடியில் அண்ணன் வெள்ளை வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு பஸ் ஏறுவதற்காகக் கட்டிய அதே வேட்டியாகத்தான் இருக்கும்.

"என்னண்ணா, எல்லாரும் நிக்கறாங்க!"

"கூப்புடட்டும். வர்றேன்."

"அன்னிக்கு ஏரியில கூப்புட்டாங்களே?"

"விராலுகிட்டத்தான் சொன்னாங்க. அது வந்து எங்கிட்டச் சொல்லல. எங்க அந்த விராலு? சாட்சிக்குக் கூப்புடு."

"நீங்கதானே அதுல ரெண்டு துண்டு தின்னீங்க!"

அவர் அசையவில்லை. அண்ணனுடைய வீம்புக்கு ஒரு அளவே கிடையாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரரும் பின்னால் வந்துவிட்டார். ஜனமெல்லாம் கோயில் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அங்கே எருமையும் இல்லை, விராலும் இல்லை. நான் வாயைத் திறப்பதாக இல்லை.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். எரவாணத்தில் செருகியிருந்த அதே கார்டு. ஓரத்தில் புகை பிடித்திருந்தது. அதை நீட்டினார், யாரிடம் என்று இல்லாமல், பொதுவாக. என் வீட்டுக்காரர் வாங்கினார். தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி, எல்லோர் காதிலும் விழும்படி உரக்க வாசித்தார்.

"அன்புள்ள மச்சானுக்கு. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் அனைவரும் நலமா? தங்கள் மருமகனின் ஞானஸ்நானத்துக்குத் தாங்களே ஞானத்தகப்பனாக இருந்து நடத்தித் தரவும். மற்றவை நேரில்."

முடித்துவிட்டார். கார்டைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் விலாசம்தான் இருந்தது.

அண்ணன் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"நேர்லதான் நிக்கறேன், மாப்பிள்ள. மத்ததச் சொல்லுங்க."

ஊருக்கே இலக்கணம் சொல்கிற மனிதர், இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்க, மச்சான். அவள எனக்குத் திருப்பிக் குடுத்தது நீங்கதான். உள்ள வாங்க."

அண்ணன் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே கோயிலுக்குள் நடந்தார். பின்னால் என் வீட்டுக்காரர் குனிந்து, "செருப்புங்க மச்சான், செருப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார்.